ஆள் மாறினாலும் கணக்கு மாறவில்லை: சிகாகோவின் குற்ற வரைபடம்

அமெரிக்காவில் ஆபத்தான ஊர் எது என்று கேட்டால் பலர் சட்டென்று சொல்லும் பெயர் சிகாகோ. அல் கபோன் காலத்தில் வாங்கிய பேர் இன்னும் போகவில்லை. ஆனால் 77 வட்டாரங்கள் கொண்ட அந்த நகரத்தில் கொலைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. தெற்கிலும் மேற்கிலும் உள்ள சில வட்டாரங்களில்தான் குவிந்து கிடக்கின்றன. ஏன் அங்கே மட்டும்? "அங்க இருக்கிற ஜனங்க அப்படி" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் பதில். இந்தப் பதிலைக் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே இரண்டு பேர் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே. இருவரும் சிகாகோவில் வேலை பார்த்த சமூகவியல் ஆய்வாளர்கள். அமெரிக்காவின் முதல் சிறுவர் நீதிமன்றம் 1899இல் அங்கேதான் தொடங்கியது என்பதால், பழைய வழக்குப் பதிவேடுகள் அவர்களுக்குக் கிடைத்தன. வழக்கில் வந்த ஒவ்வொரு பையனின் வீட்டு முகவரிக்கும் நகர வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைவேலை. 1900-06, 1917-23, 1927-33 என்று மூன்று காலகட்டங்களை ஒப்பிட்டு, 1942இல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

நகர மையத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய பகுதிகளில் விகிதம் அதிகம். வெளியே போகப்போகக் குறைவு. இது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் வேறு இடத்தில் இருந்தது. 1900 வாக்கில் அந்த மையப் பகுதிகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியர், ஐரிஷ்காரர், ஸ்காண்டிநேவியர். பிறகு இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்தார்கள். கடைசியாகத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள். குடியிருந்தவர்கள் அடியோடு மாறியும் அந்த இடங்களின் விகிதம் உயரத்திலேயே நின்றது. அங்கிருந்து வெளியே குடிபோன குடும்பங்களின் பிள்ளைகளிடமோ அது குறைந்துபோனது.

நம்ம பாஷையில் சொன்னால், இன்புட் மாறியும் அவுட்புட் மாறவில்லை என்றால் பிரச்சினை இன்புட்டில் இல்லை. நெருக்கடியான வாடகை வீடுகள், வறுமை, யாரும் நிலையாகத் தங்காத தெரு: இவைதான் காரணம் என்றார்கள் அந்த இருவரும்.

சரி, ஐரிஷ்காரரும் இத்தாலியரும் வெளியேறினார்கள். கறுப்பின மக்கள் ஏன் அதேபோல் வெளியேறவில்லை? விடவில்லை என்பதுதான் பதில். 1910இல் சுமார் 44,000 ஆக இருந்த அவர்களுடைய எண்ணிக்கை 1920இல் 1,09,000ஐத் தாண்டியது. 1919 கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். அதன் பிறகு, கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை வீட்டுப் பத்திரங்களிலேயே பரவலாக ஏறியது. நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான்.

அதற்குள் இன்னொரு பூட்டும் விழுந்திருந்தது. 1930களில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று தயாரித்த வரைபடங்களில் கறுப்பினப் பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் அடித்தார்கள். சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று அர்த்தம். 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் அப்படிப்பட்ட பகுதிகளின் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு தர மறுத்தது. வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கினார்கள். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. 1962இல் கட்டி முடித்த ராபர்ட் டெய்லர் குடியிருப்பு, 16 மாடியில் 28 கட்டடங்களாக, ஏழைக் குடும்பங்களை ஒரே நெடுஞ்சாலை ஓரத்தில் அடுக்கி வைத்தது. அதெல்லாம் இப்போது இடிக்கப்பட்டுவிட்டது.

ஷாவும் மெக்கேயும் இடம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த இடம் அப்படி ஆனதை நகர வளர்ச்சியின் இயல்பான போக்கு மாதிரி எழுதிவிட்டார்கள். பத்திரத்தில் எழுதிய நிபந்தனையும் வரைபடத்தில் அடித்த சிவப்பும் இயல்பு இல்லையே, யாரோ கையெழுத்துப் போட்ட முடிவுகள்தானே?

சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் பேசி நடத்திய ஆய்வை ராபர்ட் சாம்சன் குழு 1997இல் வெளியிட்டது. அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் நம்பி, தெருவில் தப்பு நடந்தால் தலையிடுகிற இடங்களில், வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும், வன்முறை குறைவாகவே இருந்தது. ஆனால் அந்த நம்பிக்கை வளர வேண்டுமென்றால் ஆட்கள் ஓர் இடத்தில் பல வருஷம் நிம்மதியாக வாழ வேண்டும். சிகாகோ தன் மக்களில் ஒரு பகுதிக்குப் பல தலைமுறையாகக் கொடுக்க மறுத்தது அதைத்தான்.

அடுத்த முறை யாராவது "அந்த ஏரியாக்காரங்களே அப்படித்தான்" என்று சொன்னால், அந்த ஏரியாவில் அவர்களுக்கு முன்னால் யார் இருந்தார்கள், அவர்கள் எப்படி வெளியே போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.