திருச்சி வட்டாரத்தில் ஒப்பந்தப் பணியும் நிரந்தரப் பணியும்

ஆள் அனுப்பும் ஏஜென்சி அல்லது லேபர் கான்ட்ராக்டர் மூலம் ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. அந்த நிறுவனமே நேரடியாக நியமித்தவர் பெர்மனென்ட். இருவரும் ஒரே இடத்தில், ஒரே மேற்பார்வையில், சில நேரம் ஒரே சீருடையில்கூட வேலை பார்ப்பார்கள். நியமன ஆணையும் சம்பளமும் யாரிடமிருந்து வருகின்றன என்பதில் வித்தியாசம் தொடங்குகிறது. திருவெறும்பூரின் கொதிகலன் ஆலை முதல் திருவரங்கம் வீதிகளின் துப்புரவு வரை இந்த ஏற்பாடு பரவியிருக்கிறது.

வட்டாரப் பின்னணி

திருச்சியில் நிரந்தர வேலைக்கு மதிப்பை உருவாக்கியவை ரயில்வேயும் பொதுத்துறை ஆலைகளும். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. அங்கே 1946 செப்டம்பர் 5 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். இன்று ரயில்வே ஊழியருக்கு இருக்கும் பணிப் பாதுகாப்புக்குப் பின்னால் இப்படிப்பட்ட போராட்டங்கள் இருக்கின்றன. 1960-களில் செக்கோஸ்லோவாகியாவின் உதவியுடன், மத்தியப் பொதுத்துறையான பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலையும், அதே பத்தாண்டில் படைக்கலத் தொழிற்சாலையும் வந்தன. பெல் ஊழியருக்குக் கைலாசபுரத்தில் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் கிடைத்தன. ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு ‘பெல்லில் பெர்மனென்ட்’ என்பது பெண் கேட்கப் போகும் இடத்திலும் எடுபட்ட தகுதி. ஓய்வுபெற்றவர்களின் இடங்களை நேரடியாக நிரப்பாமல் ஒப்பந்தக்காரரிடம் விடும் வழக்கம் பின்னர் பொதுத்துறை எங்கும் வேரூன்றியது. அப்பா பெர்மனென்டாக இருந்த ஆலைக்குள் மகன் கான்ட்ராக்டர் வாங்கித் தந்த கேட் பாஸோடு நுழையும் காலம் அப்படித்தான் வந்தது.

சட்டம் சொல்வது

ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம் 1970-ல் இயற்றப்பட்டது. 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் உரிமம் எடுக்க வேண்டும், அவர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகளாக இருந்தன. ஆண்டு முழுதும் தொடரும் இயல்புடைய வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால், தடை வந்தாலும் தொழிலாளர் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் வெறும் போர்வை, உண்மையான முதலாளி நிறுவனம்தான் என்பதைத் தொழிலாளி தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டியதாயிற்று. இந்த வழி எவ்வளவு குறுகலானது என்பதைப் பெல் நிறுவனத்தின் ஹரித்வார் ஆலை வழக்கு காட்டியது. அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சாதகமாக வந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது.

தமிழ்நாட்டில் கூடுதலாக 1981-ம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருக்கிறது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. அதனால்தான் 480 நாள் நிறையும் முன்பே சிலரை நிறுத்திவிட்டு வேறு ஏஜென்சியின் பெயரில் மறுபடி சேர்க்கிறார்கள். சட்டத்தைவிடத் தொடர்ந்த போராட்டம் பலன் தந்த இடமும் உண்டு. மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர் பற்றி விசாரித்த நீதிபதி காலித் ஆணையம், பணியில் எடுத்துக்கொள்ளத் தகுதியுள்ளவர்களாக 18,006 பேரை அடையாளம் கண்டது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 1970-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்து, உரிம வரம்பை 50 பேராக உயர்த்தின. நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்ற விதியும், அதற்கு விலக்குகளும் சேர்ந்தே வந்தன. துப்புரவு, காவல், கேன்டீன் போன்றவை, அந்த நிறுவனமே அவற்றுக்காக அமைந்ததாக இல்லாவிட்டால், மையப் பணியாகா.

திருவரங்கத்தின் துப்புரவுப் பணி

இந்த விலக்கு திருவரங்கத்தைத் தொடுகிறது. 1994-ல் அமைந்த திருச்சி மாநகராட்சிக்குள் திருவரங்கமும் அடக்கம். வைகுண்ட ஏகாதசிக்குத் திரளும் கூட்டத்திற்குப் பின் வீதிகளைச் சுத்தம் செய்வது மாநகராட்சியின் வேலை. குப்பை அள்ளுவது ஓர் ஆலைக்குப் பக்கவாட்டு வேலையாக இருக்கலாம். உள்ளாட்சி அமைப்புக்கு அது அடிப்படைக் கடமை. ஆகவே, இந்த வேலையை ஏஜென்சிக்கு விடுவதற்கு மற்ற இடங்களில் சொல்லப்படும் நியாயம் இங்கே பொருந்தாது. மாநிலத்தின் உள்ளாட்சிகளில் தூய்மைப் பணியை வெளியாருக்கு விடுவதைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து வருவதற்கும் காரணம் இதுவே.

பணக் கணக்கு

கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் முடிவு தவறும். பி.எஃப்.-க்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் தொழிலாளி 12 விழுக்காடும் முதலாளி அதே அளவும் கட்டுவது பொது விதி. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 0.75, முதலாளி 3.25 விழுக்காடு, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு அது பொருந்தும். முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். ‘மொத்தம் இவ்வளவு’ என்று பேசிச் சேர்க்கும் ஏஜென்சிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பெரிய இழப்பு பணிக்கொடையில். பொது விதிப்படி ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு கிடைக்கும். அடிப்படையும் பஞ்சப்படியும் 18,000 ரூபாய் என்றால் பத்தாண்டுக்கு 1,03,846 ரூபாய். ஒரே இடத்தில் பத்தாண்டு வேலை செய்தும், டெண்டருக்கு டெண்டர் ஏஜென்சி மாறியிருந்தால், அந்தத் தொகையைத் தர வேண்டியவர் யார் என்பதே வழக்காகிவிடும். பி.எஃப். அப்படி அறுபடாது. ஏஜென்சி எத்தனை மாறினாலும் உறுப்பினருக்குரிய ஒரே பொது எண்ணில் (யு.ஏ.என்.) கணக்கைத் தொடரலாம். ஓய்வூதியத்திற்கு வேண்டிய 10 ஆண்டுப் பணிக்காலமும் சேர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு ஏஜென்சியும் புது எண் போட்டுவிட்டால் ஓய்வூதியம் சிக்கலாகும்.

யாருக்கு எது

எல்லோருக்கும் ஒப்பந்தம் நஷ்டம் அல்ல. உயரழுத்தக் குழாய்களைப் பற்றவைக்கத் தகுதிச் சான்று பெற்ற வெல்டர் நல்ல உதாரணம். துவாக்குடி சிட்கோ பேட்டையின் பட்டறைகள் பல பெல் தரும் வேலையை நம்பியவை. ஆர்டர் குறைந்தால் அங்கே நிரந்தர ஆளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சான்று கையில் இருக்கும் வெல்டரோ அனல்மின் நிலையப் பராமரிப்புக்கும் வளைகுடாவுக்கும் கான்ட்ராக்டில் போய் அதிகம் சம்பாதிக்க முடியும். நவல்பட்டு ஐ.டி. பூங்கா போன்ற இடங்களில், படிப்பு முடித்தவுடன் ஓரிரு ஆண்டு ஏஜென்சி வழியாக வேலை பழகிவிட்டு வேறிடம் தாவுவதும் நியாயமான கணக்கே. வேறிடத்தில் விலைபோகும் கைத்தொழில் இருப்பவருக்கு ஒப்பந்தம் ஒரு வழி. துப்புரவு, காவல், சுமை தூக்குதல், ஆலையின் அன்றாட உதவி வேலை என்று ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவருக்கு அதில் ஏறுமுகம் இல்லை. அவருக்குக் கொஞ்சம் குறைந்த சம்பளமானாலும் நேரடி நியமனமே மேல்.

ஏஜென்சியில் சேர்ந்துவிட்டவர் நியமனக் கடிதம், மாதச் சம்பளச் சீட்டு, கேட் பாஸ், பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றின் நகல்களை ஏஜென்சி மாறும் ஒவ்வொரு முறையும் சேர்த்து வைக்க வேண்டும். திருச்சியில் தொழிலாளர் நீதிமன்றம் உண்டு. பெல் போன்ற மத்தியப் பொதுத்துறை சார்ந்த தகராறு மட்டும் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் வழியாகச் சென்னையிலுள்ள மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும். வேலைக்குச் சேர்த்தது யார், சம்பளம் கொடுத்தது யார், வேலை வாங்கியதும் ஒழுங்கு நடவடிக்கை எடுத்ததும் யார் என்று தீர்ப்பாயம் கேட்கும்போது அந்த நகல்கள்தான் சாட்சி.