சேலத்துக்கு வந்த விமானம் மூணு முறை நின்னு போனது ஏன்? சிறு நகர விமானச் சேவையின் கணக்கு இதுதான்!

சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கத்துல இருக்கிற காமலாபுரத்தில் விமான நிலையம் திறக்கப்பட்டது 1993-ல். அப்போது என்.இ.பி.சி. நிறுவனத்தின் விமானங்கள் கொஞ்ச காலம் வந்தன, நின்றன. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் நின்றது. 2018-ல் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ என இரண்டு நிறுவனங்கள் வந்தன.

ஆக, நாலு முறை தொடக்கம். அதில் மூணு முறை நிறுத்தம். ஓடுபாதை அதே இடத்தில்தான் இருக்கு. ஊரில் ஜவுளி, ஜவ்வரிசி, எஃகு வியாபாரமும் எங்கேயும் போகலை. அப்புறம் ஏன் விமானம் மட்டும் வருவதும் போவதுமா இருக்கு? பெரிய விமான நிறுவனம், சின்ன விமான நிறுவனம் இதில் யார் வந்தா ஊருக்கு நல்லது? விரிவாகப் பார்க்கலாம்.

உடான் திட்டம்னா என்ன?

சிறு நகரங்களுக்கு விமானம் விட மத்திய அரசு 2016 அக்டோபரில் அறிவித்ததுதான் உடான் திட்டம். முதல் விமானம் 2017 ஏப்ரல் 27-ம் தேதி சிம்லாவில் இருந்து டெல்லிக்குப் பறந்தது. இயக்கியது அப்போது ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்த அலையன்ஸ் ஏர். 2022-ல் ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குப் போன பிறகும் அலையன்ஸ் ஏர் அரசிடமே இருக்கிறது.

திட்டத்தின் அடிப்படை ரொம்ப எளிமையானது. சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் எனத் தொடக்கத்தில் உச்சவரம்பு வைத்தார்கள். விமானத்தில் ஏறக்குறைய பாதி இருக்கைகளுக்குத்தான் இந்தக் கட்டணம். மீதி இருக்கைகளை நிறுவனம் தன் விலைக்கு விற்கலாம்.

இந்த விலைக்கு ஓட்டினா நஷ்டம் வருமே? அந்த இடைவெளியை அரசு மானியமாகக் கொடுக்கும். எந்த நிறுவனம் குறைவான மானியம் கேட்குதோ அதுக்கே வழித்தடம். மூணு வருஷத்துக்கு மானியம் உண்டு. அந்த மூணு வருஷமும் அந்த வழித்தடத்தில் போட்டிக்கு வேற நிறுவனம் வர முடியாது.

இதோடு தரையிறங்கும் கட்டணம், நிறுத்தும் கட்டணம் கிடையாது. விமான எரிபொருளுக்கான மதிப்புக் கூட்டு வரியை மாநில அரசு 1 சதவீதம் அல்லது அதுக்கும் கீழே குறைக்கணும். பல மாநிலங்களில் இந்த வரி 20 சதவீதத்துக்கு மேல் இருந்ததை வைத்துப் பார்த்தால் இது பெரிய சலுகைதான்.

மானியப் பணம் யாருடையது?

இங்கதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. மானியத்தின் பெரும்பகுதி அரசு கஜானாவில் இருந்து நேரடியாக வருவதில்லை. சென்னை – டெல்லி, மும்பை – பெங்களூரு மாதிரி முக்கிய வழித்தடங்களில் கிளம்பும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தொகையை விமான நிறுவனங்கள் கட்டணும். அந்தப் பணம் ஒரு தனி நிதியில் சேருது. பொதுவாக மானியத்தில் 20 சதவீதத்தை மாநில அரசு தரணும். வடகிழக்கு மாநிலங்களுக்கு இது 10 சதவீதம்.

அதாவது, டெல்லிக்குப் பறக்கிற பயணியின் டிக்கெட்டில் இருந்து ஒரு சின்னப் பங்கு சேலத்துக்குப் பறக்கிற பயணிக்குப் போகுது. இதை எதிர்த்துப் பெரிய விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் வசூல் நிற்கவில்லை.

சின்ன நிறுவனங்கள் வந்தப்போ என்ன நடந்தது?

2017-ல் உடான் முதல் சுற்றில் 5 நிறுவனங்களுக்கு 128 வழித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் ஏர் ஒடிசாவுக்கு 50, ஏர் டெக்கானுக்கு 34. அதாவது மொத்தத்தில் 84 வழித்தடங்கள் இந்த இரண்டு சின்ன நிறுவனங்களிடம் போனது.

ஏர் டெக்கான்னு சொன்னதும் 'சூரரைப் போற்று' படம் ஞாபகம் வரலாம். கேப்டன் கோபிநாத்தின் சுயசரிதையைத் தழுவிய படம் அது. 2003-ல் அவர் தொடங்கிய முதல் ஏர் டெக்கான் பின்னாளில் கிங்ஃபிஷரோடு இணைந்தது. உடானுக்காக அதே பெயரில் மறுபடியும் வந்தது 19 இருக்கை விமானங்களை வைத்து.

ஆனா இந்த முறை கதை சினிமா மாதிரி முடியலை. இரண்டு நிறுவனங்களாலும் பெரும்பாலான வழித்தடங்களை இயக்க முடியாமல் ஒதுக்கீடுகள் ரத்தாகின.

தமிழ்நாட்டில் இதன் விளைவு நேரடியாகத் தெரிந்தது. அதே முதல் சுற்றில் சேலம் ட்ரூஜெட்டுக்குக் கிடைத்தது, நெய்வேலி ஏர் ஒடிசாவுக்குக் கிடைத்தது. 2018 மார்ச் 25-ல் ட்ரூஜெட் சேலத்துக்கு வந்து இறங்கியது. நெய்வேலிக்கு ஏர் ஒடிசா வரவே இல்லை.

19 இருக்கையில் என்ன பிரச்சினை?

ஒரு விமானத்தில் 180 பேர் போனாலும் 2 விமானிகள். 78 பேர் போனாலும் 2 விமானிகள். 19 இருக்கை விமானச் சேவைக்கும் 2 விமானிகள். சம்பளம், பராமரிப்பு, காப்பீடு எல்லாத்தையும் 19 டிக்கெட்டால் வகுத்தால் ஒரு டிக்கெட்டின் செலவு எகிறிடும். அதில் நாலு சீட் காலியா போனா அன்னைக்குக் கணக்கே போச்சு.

அடுத்தது மாற்று விமானம். 3 விமானம் வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒன்று பழுதானால் மூன்றில் ஒரு பங்கு சேவை ரத்து. இரண்டு வாரம் இப்படி ரத்தானால் போதும், பயணிகள் 'எதுக்கு வம்பு'ன்னு பழையபடி ரயில் டிக்கெட் போட்டுடுவாங்க. திரும்பக் கூட்டிட்டு வர்றது ரொம்பக் கஷ்டம்.

மூணாவது, விமானிகள். சின்ன நிறுவனத்தில் அனுபவம் சேர்த்துவிட்டு பெரிய நிறுவனத்துக்குப் போவது இந்தத் துறையில் சகஜம்.

ட்ரூஜெட் 70 இருக்கை அளவிலான ஏ.டி.ஆர். 72 விமானங்களை ஓட்டியது. அதனால் மூணு வருஷம் தாக்குப்பிடித்தது. 2021-ல் சேலம் மானியத்தின் மூணு வருஷக் கெடுவும் முடிந்தது, கொரோனாவும் நடுவில் வந்தது. சேலம் சேவை நின்றது. 2022 தொடக்கத்தில் ட்ரூஜெட் நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது.

அப்போ பெரிய நிறுவனம்தான் நல்லதா?

சில விஷயங்களில் ஆமாம். இந்தியாவின் உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் இண்டிகோவிடம் இருக்கிறார்கள். 2017 டிசம்பரில் அந்த நிறுவனம் ஏ.டி.ஆர். விமானங்களை இயக்கத் தொடங்கியது. ஒன்று பழுதானால் இன்னொன்றை அனுப்ப முடியும்.

இதைவிட முக்கியம், இணைப்பு. சேலத்தில் ஏறி ஹைதராபாத்தில் மாறி வட இந்தியாவுக்கோ வெளிநாட்டுக்கோ ஒரே டிக்கெட்டில் போகலாம். சேலம் – ஹைதராபாத் மட்டும் போகிறவர்களை நம்பி அந்த விமானம் ஓட வேண்டியதில்லை. தனியாக இயங்கும் சின்ன நிறுவனத்துக்கு இந்த வசதி கிடையாது.

ஏ.டி.ஆர். ஏன் என்ற கேள்விக்கும் காரணம் இருக்கு. இறக்கையில் விசிறி சுழலும் இந்த விமானத்துக்கு எரிபொருள் செலவு குறைவு, சின்ன ஓடுபாதையே போதும். சேலம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். பெரிய ஜெட் விமானங்கள் முழுப் பயணிகளோடு இயங்க அது பத்தாது. இண்டிகோ ஏ.டி.ஆரில் 78 இருக்கை இருப்பதும் தற்செயல் இல்லை. இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில், 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணத்தில் விலக்கு உண்டு!

ஆனா பெரிய நிறுவனத்திடம் ஒரு ஆபத்தும் இருக்கு. அதுக்கு உங்க ஊர் நூறு ஊர்களில் ஒன்று. அதே விமானத்தை வேற ஊருக்கு விட்டா அதிக லாபம்னு தெரிந்தால் அடுத்த கால அட்டவணையில் உங்க ஊர் பெயர் இருக்காது. சின்ன நிறுவனம் முடியாமல் போகும். பெரிய நிறுவனம் வேண்டாம்னு போகும். ஊருக்கு விளைவு ஒண்ணுதான்.

எத்தனை வழித்தடங்கள் நிலைத்தன?

இதுக்கு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை பதில் சொல்லுது. உடான் மூன்றாம் சுற்று வரைக்கும்:

• ஒதுக்கப்பட்ட வழித்தடங்கள்: 774
• தொடங்கவே இல்லை: 403
• தொடங்கியவை: 371
• மூணு வருஷக் கெடுவை முழுசா முடித்தவை: 112
• அதுக்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை: 54

அதாவது ஒதுக்கியதில் 7 சதவீதம் மட்டுமே மானியம் இல்லாமல் சொந்தக் காலில் நின்றிருக்கிறது.

இதை வைத்து திட்டமே தோல்வின்னு சொல்லிட முடியாது. பீகாரின் தர்பங்காவுக்கு 2020 நவம்பரில் உடான் மூலம் விமானம் வந்தது. டெல்லி, மும்பை, பெங்களூருவில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கான மிதிலைப் பகுதி மக்களுக்கு அது சொந்த ஊர் விமானம் ஆனது. அங்கே ஏ.டி.ஆர். இல்லை, பெரிய ஜெட் விமானங்களே ஓடுகின்றன. ரயிலில் ஒரு நாள் ஆகும் தூரத்தை விமானம் இரண்டு மணி நேரமாகக் குறைத்தால், மக்கள் ஏறுவார்கள்.

சேலத்தின் சிக்கலும் இதில்தான் இருக்கு. 2023 ஏப்ரலில் வந்த கோவை – சென்னை வந்தே பாரத் ரயில் சேலத்தில் இருந்து சென்னைக்குச் சுமார் நாலு மணி நேரத்தில் போய்விடுகிறது. காமலாபுரம் போக, முன்கூட்டியே காத்திருக்க, மீனம்பாக்கத்தில் இருந்து ஊருக்குள் வர ஆகும் நேரத்தையும் கூட்டினால், ஒரு மணி நேர விமானத்துக்கும் ரயிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹைதராபாத், பெங்களூரு வழியாக வெளியூர் போகிறவர்களுக்குத்தான் சேலம் விமானம் நிஜமான உதவி.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 1978-ல் விமானத் துறையின் மீதான அரசுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. எங்கே பறக்கணும், எவ்வளவு வாங்கணும் என்பதை நிறுவனங்களே முடிவு செய்யலாம். அப்போ சின்ன ஊர்கள் கைவிடப்படுமே என்ற பயம் வந்தது. அதனால் 'அத்தியாவசிய விமானச் சேவை' என்ற மானியத் திட்டமும் கூடவே வந்தது. 10 வருஷத்துக்குன்னு தொடங்கியது, இன்னமும் ஓடுது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அங்கே ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி ஏலம் விடுகிறார்கள். மூணு வருஷத்தோடு மானியம் தீர்ந்துவிடுவதில்லை. இரண்டு, நிறுவனம் நினைத்த மாத்திரத்தில் கிளம்ப முடியாது. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் நிறுவனம் விமானிகள் பற்றாக்குறையால் 29 ஊர்களில் சேவையை நிறுத்தப்போவதாக நோட்டீஸ் கொடுத்தது. மாற்று நிறுவனம் கிடைக்கும் வரை ஓட்டணும்னு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது.

பெரிய நிறுவனமும் சின்ன நிறுவனமும் சேர்ந்து வேலை செய்வதும் அங்கே வழக்கம். விமானம் ஸ்கைவெஸ்டுடையது, பெயரும் டிக்கெட்டும் யுனைடெட்டுடையது. பயணிக்கு ஒரே டிக்கெட், சின்ன நிறுவனத்துக்கு நிலையான வருமானம்.

அடுத்து என்ன?

2025-26 மத்திய பட்ஜெட்டில் மாற்றியமைக்கப்பட்ட உடான் திட்டம் அறிவிக்கப்பட்டது. 10 வருஷத்தில் 120 புதிய இடங்கள், 4 கோடி பயணிகள் என்பது இலக்கு. தமிழ்நாட்டில் நெய்வேலி, வேலூர், தஞ்சாவூர், ராமநாதபுரம் ஆகிய ஊர்கள் ஏற்கெனவே உடான் பட்டியலில் இடம்பிடித்தவை.

சேலத்துக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, கெடு. 2023 அக்டோபரில் இருந்து கணக்குப் போட்டால் மூணு வருஷம் 2026 அக்டோபரில் முடியும். அதுக்குள்ள இருக்கைகள் நிரம்பும் பழக்கம் வந்திருக்கணும்.

இரண்டாவது, நிலம். ஓடுபாதையை நீட்டிக்க சுமார் 570 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் காமலாபுரம், பொட்டிபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி விவசாயிகள் 2018-ல் போராடினார்கள். அவர்கள் கேள்வி இன்னும் அப்படியே நிற்குது. மூணு முறை நின்றுபோன விமானத்துக்காக, ஒருமுறை கொடுத்தால் திரும்பி வராத நிலத்தைக் கொடுப்பதா?

அதனால் உங்க ஊருக்கு விமானம் வரப்போகுதுன்னு அடுத்த முறை செய்தி வந்தால், திறப்பு விழா தேதியை மட்டும் பார்க்காதீங்க. எந்த நிறுவனம், எத்தனை இருக்கை, அந்த நிறுவனத்திடம் மொத்தம் எத்தனை விமானம், அங்கிருந்து வேற எங்கே இணைப்பு இருக்கு, மானியம் எந்த மாதம் முடியுது என்ற ஐந்தையும் பாருங்க. விமானம் நிலைக்குமா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.