டிசம்பர் 33-ம் தேதியும் ஒரு வெர்ஷன் நம்பரும்

செல்போன்ல எந்த ஆப்பைத் திறந்தாலும் 'அபௌட்'னு ஒரு மூலை இருக்கும். அங்க 'வெர்ஷன் 4.2.1'னு பொடி எழுத்துல ஒரு வரி. யாரும் சீந்துறதில்லை. "வேலை செய்யலைங்க"ன்னு கஸ்டமர் கூப்பிடும்போதுதான் அதுக்கு மரியாதை. "எந்த வெர்ஷன் சார்?"னு கேட்டா, "லேட்டஸ்ட்டுதாங்க"ம்பார். அதை வச்சுக்கிட்டு ஒரு ஆணியும் புடுங்க முடியாது :-) அதனாலதான் கோடே அந்த எண்ணைப் படிச்சு திரையில காட்டணும்.

இந்த வேலை ஆண்ட்ராய்டுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. 2000-ல வந்த ஜாவாவோட எம்.ஐ.டி.பி. நெறிமுறையிலேயே, 'மிட்லெட்-வெர்ஷன்'ங்கிற வரி கட்டாயம். பட்டன் போன்ல ஓடுன கேம் எல்லாம் இந்த வகைதான். ஜேட் ஃபைல், ஜார் ஃபைல் ரெண்டுலயும் இந்த எண் ஒண்ணா இருக்கணும், இல்லைன்னா போன் இன்ஸ்டாலே பண்ணாது. கோடுக்குள்ள 'கெட்ஆப்ப்ராப்பர்ட்டி'ன்னு ஒரே ஒரு அழைப்பு, எண் கைக்கு வந்துடும். எனக்கு அதுல பிடிச்சது இன்னொரு விஷயம்: 1.10ங்கிறது 1.9-ஐ விடப் புதுசுன்னு அங்கயே தெளிவு. புள்ளிக்கு ரெண்டு பக்கமும் தனித்தனி முழு எண். எழுத்து எழுத்தா ஒப்பிட்டா 1.9 தான் பெருசுன்னு வரும். இன்னிக்கும் பொட்டி தட்டுறவங்க பல பேர் விழுற குழி இது.

2008-ல ஐபோனுக்கு ஆப் ஸ்டோர் வந்துச்சு, அதே வருஷம் ஆண்ட்ராய்டும் வந்துச்சு. ரெண்டு பேருமே ஒரு எண் போதாது, ரெண்டு வேணும்னு வச்சாங்க. ஒண்ணு மனுஷனுக்கு, இன்னொண்ணு மெஷினுக்கு. ஐபோன்ல அது இன்ஃபோ பிளிஸ்ட் ஃபைல்ல உட்கார்ந்திருக்கும். ஆண்ட்ராய்டுல 'வெர்ஷன்நேம்' வெறும் எழுத்து, "பொங்கல் பதிப்பு"ன்னு போட்டாக்கூட அது கேள்வி கேக்காது. 'வெர்ஷன்கோட்' முழு எண். போன்ல இருக்கறதை விடக் குறைஞ்ச எண்ணோட வந்தா அப்டேட் ஏறாது. படிக்கிறதுக்கு 'பேக்கேஜ்மேனேஜர்' கிட்ட நம்ம பேக்கேஜ் பேரைக் குடுத்துக் கேட்கணும். கிரேடில் வந்தப்புறம் 'பில்ட்கான்ஃபிக்'லயே ரெடியா கிடைச்சுது. 2023-ல வந்த ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்கின் 8-லேர்ந்து அதை நாமளே ஆன் பண்ணாத்தான் உண்டு.

இங்கதான் வில்லங்கம். முழு எண்ணுன்னா அதுக்கு ஒரு கூரை இருக்குமில்ல? 32 பிட்டுல அடங்குற பெரிய எண் 214,74,83,647. கூகுள் பிளே அதுக்கும் முன்னாடியே 210 கோடியில கோடு கிழிச்சிடுச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு ஏத்திக்கிட்டுப் போறவங்களுக்கு அது எட்டாத உயரம். ஆனா நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? வருஷம்-மாசம்-தேதி-மணி-நிமிஷம்னு பத்து இலக்கத்தைச் சேர்த்து வெர்ஷன்கோட் ஆக்குனா பார்க்க அழகா இருக்கும். 2020 டிசம்பர் 31 ராத்திரி 11:59-க்கு அது 2012312359. அடுத்த நிமிஷம் 2101010000. கூரை இடிச்சாச்சு! ஒரு தடவை பெரிய எண்ணைப் போட்டுட்டா அப்புறம் கீழ இறங்கவும் முடியாது. 2018-ல ஆண்ட்ராய்டு 9, 'கெட்லாங்வெர்ஷன்கோட்'னு 64 பிட் வழி ஒண்ணைத் திறந்துவிட்டுச்சு.

இது வெறும் கணக்குன்னு நினைக்காதீங்க. இதே தேதி வித்தையை மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர்ல மால்வேர் ஸ்கேன் பண்ற பகுதிக்குப் பண்ணியிருந்தாங்க. 2022 புத்தாண்டு பிறந்ததும் அதோட வெர்ஷன் 2201010001 ஆச்சு. 32 பிட்டுல அடங்கலை. 2016, 2019 எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள்ல மெயில் எல்லாம் வரிசையில சிக்கி நின்னுடுச்சு. ஸ்கேன் பண்ற கோடுல கோளாறு இல்லை, வைரஸும் இல்லை. வெர்ஷன் நம்பரைப் படிக்கத் தெரியலை, அவ்வளவுதான். உலகமே லீவுல இருந்த நாள்ல சர்வர் அட்மின்கள் பாவம், பொட்டி முன்னாடி.

அவங்க குடுத்த தீர்வுதான் சூப்பர். எண்ணைக் குறைக்கவும் கூடாது, கூரையைத் தாண்டவும் கூடாது. அதனால புது வெர்ஷனுக்கு 2112330001னு பேர் வச்சாங்க. பிரிச்சுப் படிங்க: 2021, டிசம்பர், 33-ம் தேதி.