இரவல் சாவியும் கிட்டும்

மகள் அடிக்கடி "கிட்ல குளோன் பண்ணிட்டேன்" என்பாள். என்னவென்று படித்துப் பார்த்தேன்.

லினக்ஸ் கெர்னலைப் பல நாட்டவர் சேர்ந்து எழுதுகிறார்கள். அதற்கு 2002 முதல் பிட்கீப்பர் என்ற மென்பொருள் உதவியது. ஒரு நிறுவனத்தின் சொத்து, நிபந்தனையோடு இலவசம். குளோன் செய்தால் முதல் நாள் தொட்டு நடந்த மாற்றங்கள் அத்தனையும் நம் கணினிக்கே வந்துவிடும் என்ற வசதி அதிலேயே இருந்தது. பிரதி எல்லோரிடமும், சாவி மட்டும் ஒருவரிடம்! ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதன் செயல்முறையை ஆராயப் போக, 2005-இல் இலவசம் நின்றது.

லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று கிட்டை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7-இல் கிட்டின் நிரலே கிட்டுக்குள் குடியேறியது. ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். அந்தப் பெருந்தன்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

குளோன் செய்ததும் 'ஆரிஜின்/மாஸ்டர்' என்றொரு பெயர் தெரியும். அது தொலைவிலுள்ள கிளையை நாம் கடைசியாகப் பார்த்த நிலை. ஊருக்குப் போய் வந்தவர் சொன்ன சேதி மாதிரி. அதற்குப்பின் அங்கே நடந்தது தெரியாது. 'ஃபெட்ச்' கொடுத்தால்தான் தெரியும். முதலில் இந்தக் குறிப்பு நம் சொந்தக் கிளைகளோடு கலந்தே கிடந்தது. 2007-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்துதான், குளோன் செய்யும்போதே அதைத் தனியாகப் பிரித்து வைக்கிறார்கள்.