மலைப்பொழிவில் சினமும் வசைச்சொல்லும்: தமிழகத் திருச்சபை வரலாற்றில் ஒரு பார்வை

மத்தேயு நற்செய்தியின் 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்கள் மலைப்பொழிவு எனப்படும். அதில் 5:21-26 பகுதி சினத்தையும் வசைச்சொல்லையும் பற்றியது. கொலை செய்யாதே என்ற பழைய கட்டளையை இயேசு இங்கே கையிலிருந்து நெஞ்சுக்கும் நாவுக்கும் விரிக்கிறார்.

சொற்களும் பொருளும்

இப்பகுதியில் இரண்டு வசைச்சொற்கள் வருகின்றன. ஒன்று ‘ராக்கா’ என்னும் அரமேயச் சொல். வெறுமையானவன், ஒன்றுக்கும் உதவாதவன் என்பது பொருள். மற்றொன்று ‘மோரே’ என்னும் கிரேக்கச் சொல்; மூடன் என்று பொருள்படும். பழைய தமிழ் வேதாகமம் இவற்றை ‘வீணன்’, ‘மூடன்’ என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘முட்டாள்’, ‘அறிவிலி’ என்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய மொழிபெயர்ப்பு ‘நியாயமில்லாமல்’ கோபிப்பவனையே குற்றவாளி என்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அந்தச் சொல் இல்லை. புதிய மொழிபெயர்ப்பிலும் இல்லை. ‘என் கோபம் நியாயமானது’ என்று சொல்லித் தப்பும் வழி இதனால் அடைபடுகிறது.

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாக வேண்டும் என்பதும் இப்பகுதியில் உள்ளது. இதைக் கேட்டவர்கள் கலிலேயர்கள். எருசலேம் ஆலயம் அவர்கள் ஊரிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. வழிபாட்டைவிட ஒப்புரவு முந்தியது என்பதை அந்தத் தொலைவு உணர்த்தும்.

‘அக்கியானி’ என்ற சொல்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கேயே அச்சாயிற்று. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை செருமன் மொழியில் பெயர்த்தவரும் அவரே. எனினும் 1713இல் அவர் அச்சகம் வெளியிட்ட துண்டுநூல் ஒன்று இந்நாட்டுச் சமயத்தை ‘அக்கியானம்’ என்று பழித்தது. அக்கியானி என்றால் அறிவில்லாதவன். மலைப்பொழிவு விலக்கிய வசைக்கும் இதற்கும் பொருளில் அதிக தூரமில்லை.

யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், பின்னர் 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். தூஷணம் என்றால் நிந்தை. மொழிபெயர்ப்பில் உடனிருந்தவரே நிந்தைக்கு மறுப்பு எழுத நேர்ந்தது.

யார் சகோதரன்?

திருச்சபைக்குள்ளும் சிக்கல் இருந்தது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதும், நற்கருணையில் வரிசை பார்ப்பதும் வழக்கமாயிருந்தன. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு ஆணையிட்டார், பலர் எதிர்த்தனர். லைப்சிக் மிஷனோ சாதியைச் சமூக வழக்கமென்று பொறுத்துக்கொண்டது. அதை ஏற்காமல் விலகிய கார்ல் ஓக்ஸ், கடலூருக்கு அருகிலுள்ள பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கி, 1860களில் டேனிஷ் மிஷனோடு இணைந்தார்.

அந்த மிஷனின் வழிவந்ததே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி இன்றும் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அண்ணாமலையார் கோயில் ஊரில் பலரும் நாள்தோறும் சொல்லும் இப்பெயருக்குப் பின்னால், ஒரே பீடத்தின்முன் நிற்பவர்கள் ஒருவரையொருவர் இழிவாக எண்ணலாமா என்ற பழைய வழக்கு இருக்கிறது.

இன்றைய பொருத்தம்

வசைச்சொல்லும் குற்றமே என்ற எண்ணம் சமயத்தோடு நின்றுவிடவில்லை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. திருக்குறளின் ‘வெகுளாமை’ அதிகாரத்தை மாணவர்கள் மலைப்பொழிவோடு ஒப்பிட்டுப் படிக்கலாம்.

‘முட்டாள்’ என்ற சொல்லை வகுப்பறையில் எளிதாக எறிந்த ஆசிரியர்களில் இக்கட்டுரையாளரும் ஒருவர். சொன்னவருக்கு அது அன்றே மறந்துபோகும். கேட்ட பிள்ளைக்கு மறப்பதில்லை.