கட்டாக்காலி என்னும் சொல்

நெடுந்தீவின் புல்வெளிகளில் மேயும் குதிரைகளைப் பார்க்க வருகிறவர்கள் அவற்றைக் காட்டுக் குதிரைகள் என்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழில் அவற்றுக்குப் பொருந்தும் சொல் வேறு: கட்டாக்காலி. காலி என்பது கால்நடை. கட்டாக்காலி என்றால் கட்டிவைக்கப்படாத கால்நடை. மானையும் மரையையும் யாரும் அப்படி அழைப்பதில்லை. கட்டவேண்டிய ஒருவன் இருந்தான், அவன் கட்டவில்லை என்ற செய்தி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்தக் குதிரைகளின் வரலாற்றுக்கு இதைவிடச் சரியான பெயர் கிடைக்காது. பயணி இயற்கை என்று கண்டு சிலிர்ப்பது, இங்கே, யாரோ செய்து பின்பு கைவிட்ட ஒரு தொழிலின் மிச்சம்.

சான்று பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் அயல்நாட்டு வணிகருக்குக் காவல் வேண்டும் என்று சொல்லும் அந்த ஆணை, உடைந்துபோகும் கப்பல்களைப் பற்றியும் பேசுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் அரச பண்டாரத்துக்கு நாலில் ஒரு பங்கு, மீதி மூன்றும் உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. குதிரை கொண்டுவருகிறவன் நட்டப்பட்டு வராமல் நின்றுவிடக் கூடாது என்ற கவலை அந்தப் பங்குக் கணக்கில் தெரிகிறது. ஆக, ஐரோப்பியர் கால்வைப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்தக் கடலில் குதிரை அரசாங்கம் கணக்குப் பார்த்த சரக்கு. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் பசுத்தீவு என்ற பொருள்பட அழைத்தார்கள். தீவார் ஏற்கெனவே மந்தை மேய்த்தவர்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. தீவுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர் என்று சொல்லப்படுகிறது. 1658இல் வந்த ஒல்லாந்தர் சுற்றியுள்ள தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். லெய்டனும் ஆம்ஸ்டர்டாமும் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர்களும், பின்பு ஆங்கிலேயர் காலத்தில் தீவை நிர்வகித்த நோலன் என்ற படையதிகாரியும் குதிரை வளர்ப்பைத் தொடர்ந்தார்கள். முருகைக்கல்லால் எழுப்பிய லாயத்தின் தூண்களும் சாராப்பிட்டிக் கிணறுகளும் இன்றும் நிற்கின்றன. கல்லை அறுத்ததும் கிணற்றை வெட்டியதும் அதிகாரிகளாக இருந்திருக்க முடியாது. அந்தக் கைகளின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

தொழில் நின்று எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்டன, தானே ஈன்று தானே மேய்ந்து பிழைக்கும் விலங்கைக் காட்டு விலங்கு என்றால் என்ன பிழை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காலம் போனால் தொழிலின் தடயம் அழிவது உலகமெங்கும் நடப்பதுதான். இன்று வெளிநாடு போகிறவர்கள் பணம் கட்டி, காட்டு மரங்களுக்கிடையே கம்பியில் தொங்கிப் பாய்கிறார்களே, ஜிப்லைன் என்று, அதுவும் இப்படி வந்ததே. 1970களில் கோஸ்டாரிக்கா மழைக்காட்டில் டொனால்ட் பெரி என்ற உயிரியலாளர் மர உச்சிகளில் வாழும் உயிர்களை ஆராய்வதற்காகக் கயிறு கட்டி ஏறினார். அதற்குப் பிறகே அந்த நாட்டில் மர உச்சி உலா ஒரு வியாபாரமாக வளர்ந்தது. நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் கொழுந்து மூட்டைகள் கம்பிவழியே தொழிற்சாலைக்கு இறங்கியிருக்கின்றன. ஆனால் ஜிப்லைனில் தொழிலை மறந்தால் யாருக்கும் கேடில்லை. கம்பிக்குத் தாகம் எடுக்காது. நெடுந்தீவு முருகைக்கல் தரை. மழைநீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாகவே தேங்குகிறது. கோடை நீண்டால் பள்ளங்கள் வற்றிக் குதிரைகள் மடிகின்றன. குதிரை கிணற்றில் இறங்கிக் குடிக்காது, யாராவது அள்ளி ஊற்றவேண்டும். ஆளில்லாமல் பிழைக்க முடியாத இடத்தில் ஆள் கொண்டுவந்து விட்ட விலங்கு அது. காட்டு விலங்கு என்று பெயரிட்டால் தண்ணீர் வார்க்கும் கடமை நம்மிடமிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிடுகிறது.

பயணிகளால் தீவுக்கு வருமானம் வருகிறது, அவர்களிடம் வரலாறு பேசிக் களிப்பைக் கெடுப்பானேன் என்பாரும் உண்டு. வருமானம் வரட்டும், தீவுக்கு அது தேவை. ஆனால் வரலாறு களிப்பைக் கெடுக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. குறிகாட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரம் அலையில் ஆடிப்போகும் பயணம் வந்துபோகிறவருக்குச் சாகசம்; தீவாருக்கு ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் போகும் வழி. 1985 மே 15 அன்று குமுதினி என்ற பயணிகள் படகில் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் அந்தக் கடலில் வைத்துக் கொல்லப்பட்டார்கள். இதை அறிந்தவர் படகில் ஏறும்போது அலையை ரசிக்காமல் விடப்போவதில்லை. பக்கத்தில் பையோடு இருக்கும் கிழவிக்கு இடம்விட்டு உட்காருவார். அதே அறிவுதான் குதிரைக்கும் வேண்டும். 2015 ஜூனில் தீவின் 1,846 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எல்லையும் சட்டமும் காட்டுக்குப் போதுமானவை. கட்டாக்காலிக்கு அவற்றோடு, வைகாசியிலிருந்து மழை இறங்கும்வரை, நாள்தோறும் தொட்டியில் நிறைந்த தண்ணீர் வேண்டும்.