உணவும் உரையாடலும்: டப்ளின் நகரில் சென்று பார்க்கத்தக்க பப்புகள்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் இருவர் சந்தித்துப் பேசுவதென்று முடிவு செய்தால், அவர்கள் குறிக்கும் இடம் பெரும்பாலும் ஏதேனுமொரு 'பப்' ஆகவே இருக்கும். தவறணை என்ற சொல்லோடு நம்மவர் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும் இழிவுணர்வு அங்கு கிடையாது. அயலவர் கூடும் மண்டபமாகவும், மரணச் சடங்கு முடிந்து திரும்புவோர் இளைப்பாறும் இடமாகவும், அரசியல் விவாத அரங்காகவும் பப் விளங்கி வந்துள்ளது. 'பொதுமக்களின் வீடு' என்று பொருள்படும் 'பப்ளிக் ஹவுஸ்' என்ற தொடரின் சுருக்கமே அப்பெயர். ஆயினும் அந்தப் பொதுவீட்டில் நெடுங்காலம் அடுப்பு எரியவில்லை. அடுப்பு எரியத் தொடங்கியதும் வீடு எவ்வாறு மாறியது என்பதே, இன்று 'காஸ்ட்ரோபப்' என வழங்கப்படும் உணவுசார் பப்புகளின் கதை.

இப்பெயர் அயர்லாந்தில் தோன்றியதன்று. 1991ஆம் ஆண்டு லண்டனின் ஃபரிங்டன் பகுதியில், 'ஈகிள்' என்ற பழைய பப்பை இருவர் பொறுப்பேற்றனர். மதுவிற்பனையைத் தொடர்ந்தவாறே, உயர்தர உணவகத்துக்குரிய சமையலை விரிப்பில்லாத மேசைகளில், சம்பிரதாயங்கள் எதுவுமின்றி அவர்கள் பரிமாறினர். இரைப்பையைக் குறிக்கும் கிரேக்க வேர்ச்சொல்லுடன் பப் என்பதை இணைத்து உருவான சொல் விரைவில் கடல் கடந்து டப்ளினையும் எட்டியது.

மளிகையிலிருந்து சமையலறை வரை

டப்ளின் பப்புக்கும் உணவுப் பண்டத்துக்கும் இடையிலான உறவு உண்மையில் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பப்புகள் முன்புறம் மளிகைக் கடையாகவும் பின்புறம் மதுக்கூடமாகவும் இயங்கின. தேயிலை, சர்க்கரை, மசாலைப் பொருட்கள் என்பன வைக்கப்பட்ட சிறு இழுப்பறைகளைச் சில பழைய பப்புகளில் இன்றும் காணலாம். பிறர் கண்ணிற் படாமல் பெண்கள் அமர்ந்து அருந்துவதற்கென மரத்தடுப்பால் மறைக்கப்பட்ட 'ஸ்நக்' எனும் சிற்றறைகளும் அக்காலத்தின் எச்சங்களே. ஆனால் சமைத்த உணவு என்பது பெரும்பாலும் ஒரு சான்ட்விச்சுடனோ ஒரு கிண்ணம் சூப்புடனோ நின்றுவிட்டது. 1927ஆம் ஆண்டின் மதுச் சட்டம் டப்ளினிலும் கோர்க் நகரிலும் பிற்பகல் 2.30 முதல் 3.30 வரை பப்புகளை மூடவைத்தது. 'புனித மணி' என்று கேலியாக அழைக்கப்பட்ட அந்த இடைவேளை வாரநாட்களில் 1988இலேயே நீக்கப்பட்டது.

பப்பில் உண்பது பற்றி டப்ளின் பெருமை கொள்ளும் நிகழ்ச்சி ஒன்று இலக்கியத்திலிருந்து வந்தது. ஜேம்ஸ் ஜொய்ஸ் 1922இல் வெளியிட்ட 'யுலிஸிஸ்' நாவலின் நாயகன் லியோபோல்ட் புளூம், 1904 ஜூன் 16ஆம் திகதி நண்பகலில் ஓர் உணவுவிடுதிக்குள் நுழைகிறான். அங்கு மனிதர்கள் விலங்குகளைப் போல் விழுங்குவதைக் கண்டு அருவருத்து வெளியேறி, டியூக் வீதியிலுள்ள 'டேவி பேர்ன்ஸ்' பப்புக்குச் செல்கிறான். கோர்கொன்சோலா சீஸ் வைத்த சான்ட்விச் ஒன்றும் ஒரு குவளை பேர்கண்டி வைனும் அவனது மதிய உணவாகின்றன. அந்த பப் இன்றும் அதே வீதியில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 16ஆம் திகதி அதே உணவை உண்பதற்கென்றே வாசகர்கள் அங்கு திரள்கின்றனர். நாவலைப் படியாதவர்கள்கூட அங்கு கடலுணவு உண்டு திரும்பலாம்.

மூன்று சட்டங்கள்

பப்பின் அடுப்பை மூட்டியதில் சமையற்காரர்களுக்குள்ள பங்குக்குச் சட்டங்களின் பங்கு குறைந்ததன்று. முதலாவது, 2004 மார்ச் 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புகைத்தல் தடை. நாடு முழுவதிலும் வேலைத்தலங்கள் அனைத்திலும் புகைத்தலைத் தடைசெய்த முதல் நாடு அயர்லாந்தே. புகைமண்டலம் கலைந்த பின்னரே குடும்பத்தோடு அமர்ந்து உண்ணக்கூடிய இடமாகப் பல பப்புகள் மாறின. இரண்டாவது, 2011 ஒக்டோபரில் சாரதிகளுக்கான மது அளவு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டமை. குடியை மாத்திரம் நம்பிய வியாபாரம் இதனால் மேலும் நலிந்தது.

மூன்றாவது, கொவிட் காலத்து விதி. 2020 மார்ச் 15ஆம் திகதி மூடப்பட்ட பப்புகளில், 9 யூரோவுக்குக் குறையாத 'கணிசமான உணவு' பரிமாறுபவை மாத்திரமே ஜூன் 29 முதல் திறக்க அனுமதிக்கப்பட்டன. சமையலறை இல்லாத பப்புகள் சில அவசர அவசரமாக பீட்சா அடுப்புகளை வாங்கி வைத்தன. ஏனையவை காத்திருந்தன. டப்ளினில் உணவில்லாத பப்புகளின் காத்திருப்பு 2021 ஜூன் வரை, அதாவது ஏறத்தாழ 15 மாதங்கள் நீடித்தது. இரு தலைமுறைகளாக ஒரே கதிரையில் அமர்ந்து வந்த வாடிக்கையாளனுக்கு இல்லாத உரிமை, ஒரு தட்டு இறைச்சி வாங்குபவனுக்குக் கிடைத்தது. பப் என்பது உண்பதற்கான இடமா, கூடுவதற்கான இடமா என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக எந்தச் சட்டமும் எழுப்பியதில்லை.

செல்லத்தக்க இடங்கள்

இக்கேள்வியை மனதிற்கொண்டே டப்ளினின் உணவுசார் பப்புகளைப் பார்ப்பது பொருத்தமாகும்.

நகரின் வடமேற்கே ஸ்டோனிபற்றர் பகுதியில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய 'எல். மலிகன் குரோசர்' தன் பெயரிலேயே பழைய மளிகை மரபைத் தாங்கியது. அயர்லாந்தின் அடையாளமாகக் கருதப்படும் கின்னஸை விற்காமல், சிறு உற்பத்தியாளர்களின் பியர்களை முன்னிறுத்தி, எந்த உணவுக்கு எந்தப் பானம் பொருந்தும் என்று பட்டியலிலேயே குறிப்பிட்டதால் அது பேசப்பட்டது. பழைய புத்தகங்களுக்குள் ஒட்டப்பட்ட உணவுப் பட்டியல்களும், இறைச்சி பொதிந்து பொரித்த 'ஸ்கொச் முட்டை'யும் அதன் தனித்தன்மைகளாயின.

நகரின் தென்கிழக்கே பாத் அவெனியூவிலுள்ள 'ஓல்ட் ஸ்பொட்' 2014இல் திறக்கப்பட்டு மிச்செலின் வழிகாட்டி நூலிலும் இடம்பெற்றது. அருகிலுள்ள விளையாட்டரங்கில் ரக்பி, உதைபந்தாட்டப் போட்டிகள் நடைபெறும் நாட்களில் அங்கு இடம் கிடைப்பது அரிது. முன்னொரு காலத்தில் நெசவாளர் வாழ்ந்த கூம் பகுதியில், பழைய பப் ஒன்றைப் புதுப்பித்து 2019இல் உருவான 'ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ்' மிச்செலின் பாராட்டைப் பெற்ற இன்னொன்று. லண்டனின் நெசவாளர் பகுதியொன்றின் பெயரை அது சூடியிருப்பதும் பொருத்தமானதே. இவ்விரண்டிலும் சமையலே முதன்மை. முன்பதிவு செய்தே செல்லவேண்டும்.

இவற்றுக்கு முற்றிலும் மாறானது கிளாஸ்னெவின் மயானத்தின் மதிலை ஒட்டியுள்ள 'ஜோன் கவானா'. 1832இல் திறக்கப்பட்ட மயானத்துக்கு மறு ஆண்டு, 1833இல், தொடங்கிய இந்த பப்பை ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகிறது. குழி வெட்டுவோர் மதிலில் மண்வெட்டியால் தட்டினால் இப்பால் இருந்து மது நீட்டப்படும் என்றொரு கதை உண்டு. 'குழிவெட்டுவோர் பப்' என்ற பட்டப்பெயர் அவ்வாறே நிலைத்தது. அங்கு தொலைக்காட்சி இல்லை; இசையும் இல்லை. சொசேஜ், பன்றியிறைச்சித் துண்டுகள், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றைத் தண்ணீரில் மெதுவாக அவித்துச் செய்யும் 'கொடில்' என்ற டப்ளின் ஏழைகளின் உணவு அங்கு கிடைக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணாத கத்தோலிக்கர், மிஞ்சிய இறைச்சியை வியாழனன்று இவ்வாறு தீர்த்தனர் என்று கூறுவர். பார்வைக்கு வெளிறிய இந்த உணவு, குளிர்ந்த மாலையொன்றில் தன் மதிப்பை உணர்த்திவிடும்.

வரலாற்று ஆர்வமுடையோர் இரண்டு இடங்களைத் தவறவிடலாகாது. லிஃபி நதிக்கரைக்கு அண்மையிலுள்ள 'பிறேசன் ஹெட்' 1198ஆம் ஆண்டிலிருந்தே அவ்விடத்தில் விடுதி இருந்ததாக உரிமை கோருகிறது. எனினும் இன்றுள்ள கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியது. 1803ஆம் ஆண்டு எழுச்சியின் தலைவர் றொபேட் எமெட்டின் பெயர் அதனுடன் இணைத்துப் பேசப்படுகிறது. உல்லாசப் பயணிகள் மொய்க்கும் இடமாயினும் மாட்டிறைச்சியை ஸ்டவுட்டில் வேகவைத்த குழம்பு அங்கு நன்று. மேரி வீதியிலுள்ள 'சர்ச்' ஒரு காலத்தில் உண்மையான தேவாலயமாகவே இருந்தது. கின்னஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஆர்தர் கின்னஸ் 1761இல் அங்குதான் திருமணம் செய்துகொண்டார். 1964இல் வழிபாடு நின்றுபோன அக்கட்டடத்தில் இன்று பெரிய ஓர்கன் இசைக்கருவியின் நிழலில் மக்கள் உணவருந்துகின்றனர். இதில் வருந்துவோரும் உளர். கட்டடம் காக்கப்பட்டதே போதும் என்போரும் உளர்.

சவுத் வில்லியம் வீதியின் 'குரோகன்ஸ்' எவ்வகையிலும் காஸ்ட்ரோபப் அன்று. அதன் சமையல் யாவும் வாட்டிய பாணுக்குள் ஹாமும் சீஸும் வைத்த சான்ட்விச்சுடன் முடிந்துவிடுகிறது. எழுத்தாளரும் ஓவியரும் கூடும் அவ்விடத்தை இங்கு குறிப்பிடுவதற்குக் காரணம், உணவு எவ்வளவு எளியதாக இருந்தாலும் பப் நிறைவாக இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று என்பதாகும். கடலுணவை நாடுவோர் புறநகர் ரயிலில் ஹௌத் மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்லலாம். நிலையத்தின் கீழேயே இருக்கும் 'பிளடி ஸ்ட்ரீம்' பப்பில், பாலாடை சேர்த்த மீன் சூப்பும் கபில நிற சோடாப் பாணும் கிடைக்கும்.

செல்வோர் கவனத்துக்கு

பெரும்பாலான பப்புகளின் சமையலறைகள் மதுக்கூடத்துக்கு முன்னரே, இரவு 9 மணியளவில் மூடிவிடும். சிறுவர்களுடன் செல்வோர், 18 வயதுக்குட்பட்டோர் மதுக்கூடத்தில் இரவு 9 மணிக்கு மேலும், மே முதல் செப்டெம்பர் வரை 10 மணிக்கு மேலும் தங்குவதைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கடைகள் கைமாறுவதும் மூடப்படுவதும் சாதாரணமாகிவிட்டதால் புறப்படுமுன் விசாரிப்பது நன்று. மது அருந்தாதவர் தயங்கத் தேவையில்லை. முழு மதுவிலக்கை வலியுறுத்தும் 'பயனியர்' சங்கம் 1898இல் தோன்றியதும் இதே டப்ளினில்தான். தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருப்பவரை எவரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

2005க்குப் பின் அயர்லாந்து முழுவதிலும் 2,000க்கும் மேற்பட்ட பப்புகள் மூடப்பட்டுள்ளன. கிராமங்கள் பெரிதும் பாதிக்கப்பட, டப்ளின் ஓரளவு தப்பியது. உணவுக்கான பெறுமதிசேர் வரி 2023 செப்டெம்பரில் 9 சதவீதத்திலிருந்து 13.5 ஆக உயர்ந்தபோது பப் உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2026 ஜூலை முதல் அதனை மீண்டும் 9 ஆகக் குறைப்பதாக 2025 ஒக்டோபர் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. ஒரு தட்டு உணவின் மீதான வரி, ஓர் ஊரின் கூடுமிடம் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் நிலை தோன்றிவிட்டதை இது காட்டுகிறது.

உணவு பப்பைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேசைகள் யாவும் முன்பதிவுக்கென ஒதுக்கப்பட்டு, ஒற்றைக் குவளையுடன் மாலைப்பொழுதைக் கழிக்க வரும் முதியவருக்கு இடமில்லாது போனால், மிஞ்சுவது இன்னோர் உணவகமேயன்றி பப் அன்று. எனவே டப்ளினில் நல்ல காஸ்ட்ரோபப்பைத் தேடுபவர் உணவுப் பட்டியலைப் படிப்பதற்கு முன் மதுமேடையின் ஓரத்தை நோக்குவது நல்லது. அங்கு உணவு கேட்காத அயலவர் ஒருவர் நிம்மதியாக அமர்ந்திருந்தால், அந்தக் கடையில் உண்ணலாம்.